மாப்பிள்ளை விசாரிக்க வந்த ஆள்

தம்பி,

இதைப் போன்லயே பேசியிருக்கலாம். ஆனா போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நீ "அப்பா, ஒரு நிமிசம் நான் சொல்றதைக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சிருவே. அப்புறம் நீ பேசுவே, நான் கேப்பேன், கடைசியில சரிப்பான்னு வச்சிருவேன். முந்தாநாளும் நீயேதான் பேசினே, ஆனா நீ கேட்டதுக்கு நான் சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டேன். இன்னிக்கு மதியம் மூணு மணிக்கு புதுக் கம்பெனியோட எச்.ஆர். பொண்ணு எனக்குப் போன் பண்ணும்னு சொல்லியிருக்கே. இப்பத்தான் காலைச் சாப்பாடு முடிஞ்சது. உங்கம்மா காய் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்னு நீ சொன்னதால அவளுக்கு எதுவும் தெரியாது. வேலை கொஞ்சம் தள்ளிப் போகுதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். அவ வர்றதுக்குள்ள எழுதி முடிச்சு, நானே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பணும்னு உட்கார்ந்திருக்கேன். மூணு மணிக்கு முன்னாடி நீ இதைப் படிச்சாகணும்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனா உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தப் புதுக் கம்பெனிக்காரன் மெயில்ல எழுதினது. என் வாயால ஒரு தடவை கேளு. பரவை மார்க்கெட்டுல கமிஷன் கடை வச்சிருக்கிறவரோட மகளை உனக்குப் பேசி, போட்டோ பார்த்து, ரெண்டு பேரும் போன்ல பேசிப் பிடிச்சிருக்குன்னு சொல்லியாச்சு. பூ வைக்கத் தேதி குறிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல இருந்து ஆள் அனுப்பி விசாரிப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நம்ம பக்கம் விசாரிக்காம யாரு பொண்ணு குடுக்கிறா? உங்க அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப, நானே அவனியாபுரத்துல அவங்க தெரு டீக்கடையில முன்னப்பின்னத் தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்து, டீயா குடிச்சு வயிறு கெட்டுப் போய் வந்தவன். அதனால பொண்ணு வீட்டு ஆள் எப்ப வருவான், எப்படி வருவான்னு ரெண்டு வாரமா வாசல்லயே கண்ணா இருந்தேன். தெருமுனையில துணி தேய்க்கிறவர்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன்கிட்ட, "அண்ணே, யாராச்சும் வந்து பையனைப் பத்திக் கேட்டா பாத்துச் சொல்லுங்க"ன்னேன். "அதுக்கு ஏன்ப்பா இம்புட்டு யோசனை, அவனைப் பத்திக் குறையாச் சொல்ல என்ன இருக்கு"ன்னார்.

அப்பத்தான் ஒரு பையன் பைக்குல வந்து இறங்குனான். முதுகுல பை, கழுத்துல அட்டை. வந்ததும் நம்ம கேட்டையும் கதவு நம்பரையும் போன்ல போட்டோ எடுத்தான். "சார், வெரிஃபிகேஷன்"னான். உன் பேரைச் சொல்லி, இது அவரு வீடுதானே, சொந்த வீடா, வாடகையா, எம்புட்டு வருசமா இருக்கீங்கன்னு கேட்டான். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரலை. இப்பல்லாம் மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க டிடெக்டிவ் ஆபீஸே இருக்காமே, பரவைக்காரர் வசதியானவர், அப்படி ஒரு ஆளைத்தான் வச்சிருக்கார்னு நினைச்சேன். கரண்ட் ஆபீஸ்ல கணக்கெடுக்கப் போய் எத்தனை வாசல்ல நானே அட்டையை மாட்டிக்கிட்டு நின்னிருப்பேன். வாசல்ல வந்து நிக்கிறவன் யாரு, எதுக்கு வந்திருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அன்னிக்கு உள்ள கூட்டிட்டு வந்து, ஃபேனைப் போட்டு, காப்பி குடுத்தேன்.

அவன் ஒண்ணும் தோண்டித் துருவலை. பையன் இப்ப என்ன பண்றாருன்னு பேச்சுக்குத்தான் கேட்டான். நான் விடலை. பெங்களூருல வேலை, இதை விடப் பெரிய கம்பெனிக்கு மாறப் போறான், அதுபோக சனி ஞாயிறுல காலேஜ் சிநேகிதன் ஆரம்பிச்ச கம்பெனிக்கும் புரோகிராம் எழுதிக் குடுக்கிறான், அதுல தனியா ஒரு சம்பளம், ரெண்டு வருசமா நடக்குது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது தம்பின்னு அடுக்கிட்டேன். அவன் எழுதிக்கிட்டே இருந்தான். கடைசியில போன்ல விரலால கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். அவன் போனதும் உங்கம்மாகிட்ட, "கையெழுத்தெல்லாம் வாங்குறாங்கடி, ரொம்ப விவரமான குடும்பம்"னு பெருமையாச் சொன்னேன். அவளுக்கும் சந்தோசம் தாங்கலை. அன்னிக்குப் பாயாசம் வச்சா.

நீ சேரப் போற புதுக் கம்பெனிக்கு, வேற எங்கயும் வேலை பார்க்கலைன்னு எழுதிக் குடுத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் கழிச்சு நீ போன் பண்ணி, "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க, ஆஃபரை நிறுத்தி வச்சுட்டாங்க"ன்னு கத்தினப்பத்தான் அவன் பொண்ணு வீட்டு ஆள் இல்லை, அந்தக் கம்பெனி அனுப்பின ஆள்னே எனக்கு விளங்குச்சு. பழைய கம்பெனியில நோட்டீஸ் முடிஞ்சு நாளைக்கு லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கணும். புதுக் கம்பெனிக் கதவு மூடிக்கிச்சு. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு"ன்னே. நீ என்னை அப்படிப் பேசினதே இல்லை. கோவத்துல பேசினதுன்னு தெரியும், ஆனாலும் வலிச்சுச்சுடா. அன்னிக்குச் சாப்பிடப் பிடிக்கலைன்னு படுத்துட்டேன்.

நான் ஏன் அப்படி வாய் ஓயாமப் பேசினேன்னு யோசிச்சுப் பார்த்தியா? போன தீபாவளிக்கு வந்தப்ப, மாடியில என்னை உட்கார வச்சு உன் திட்டத்தையெல்லாம் சொன்னியே, அதுதான் காரணம். முதல்ல சேர்ந்த கம்பெனி வேலை கத்துக்கிறதுக்கு. ரெண்டாவது, பேரு வாங்க. மூணாவது இப்ப மாறப் போறது. அங்க ரெண்டு, மூணு வருசம் இருந்துட்டு ஒரு அமெரிக்கக் கம்பெனி. முப்பத்தஞ்சு வயசுக்குள்ள வருசத்துக்கு ஒரு கோடி சம்பளம். ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா சம்பளம் ஊருது, மாறினாத்தான் தாவும்னே. எனக்கு அதுல பாதி புரியலை. நான் ஒரே ஆபீஸ்ல சேர்ந்து அதே ஆபீஸ்ல ரிட்டையர் ஆனவன். எனக்கு வருசா வருசம் தானா ஏறுறதுதான் சம்பளம். "எதுக்குடா அம்புட்டு?"ன்னு கேட்டேன். அதுக்கு நீ, "அந்த இடத்துக்குப் போயிட்டா எங்க இருந்து வேலை பார்ப்பேன்னு நான் சொல்லலாம்ப்பா. நம்ம திருநகர் வீட்டு மாடியில உட்கார்ந்து பார்ப்பேன்"னே. அந்த ஒரு பேச்சுலயே நான் விழுந்துட்டேன். மறுநாள் காலையில வாக்கிங் போற கூட்டத்துல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னேன். மாடி ரூமுக்குத் தனியா மீட்டர் போடலாமான்னு விசாரிச்சேன். அந்தச் சனிக்கிழமை வேலையையும் உன் திட்டத்துல ஒரு படின்னுதான் நீயே எனக்குச் சொன்னே. அது மறைக்க வேண்டிய படின்னு சொல்லலையே.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வாரேன். முந்தாநாள் ரொம்ப நிதானமாப் பேசினே. கத்தினதை விட அந்த நிதானம்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. "அந்த எச்.ஆர். பொண்ணு கேட்டா, வயசாயிருச்சும்மா, அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்கப்பா. அது போதும்"னே. நீ எட்டாவது படிக்கிறப்ப ஒரு நாள் ஸ்கூலை மட்டம் போட்டுட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டு, காய்ச்சல்னு எழுதி நீட்டி என்கிட்டக் கையெழுத்துக் கேட்டே. நான் போடலை. கிரிக்கெட் ஆடப் போனான்னே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அன்னிக்கு உன்னை வகுப்புக்கு வெளிய நிக்க வச்சாங்க. ஒரு வாரம் என்கூட நீ பேசலை. உங்கம்மாவும் என்னைத் திட்டினா, ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சு போச்சுன்னு. நான் அசையலை. அப்ப எனக்கு இழக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை, ரொம்பச் சுலபமா நியாயவானா இருந்தேன். இப்ப உன் வேலை, உன் கல்யாணம், நீ போட்ட கணக்கு எல்லாம் என் வாயில நிக்குது. முந்தாநாள்ல இருந்து இதையேதான் மனசுக்குள்ள உருட்டிக்கிட்டு இருக்கேன்.

யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். என்னால அப்படிச் சொல்ல முடியாது தம்பி. பொய்ங்கிறது ஒரு பக்கம். என் ஞாபகத்தை நானே இல்லைன்னு சொல்லணும்ங்கிறது இன்னொரு பக்கம், அதுதான் என்னைக் குடையுது. ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன இருக்கு சொல்லு? இந்த ஏரியாவுல எந்த வீட்டுல எந்த வருசம் மீட்டர் மாத்துனாங்கன்னு இன்னிக்கும் என்னைத்தான் வந்து கேக்குறாங்க. அதனால நீயே அந்த எச்.ஆர். பொண்ணுக்குப் போன் பண்ணு. ஆமா, சிநேகிதனுக்கு உதவி பண்ணினேன், சொல்லாம விட்டது தப்பு, இன்னியோட விட்டுட்டேன்னு சொல்லு. ஒருவேளை ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலைன்னா இந்தப் படி போகும், ஏணியே போயிராது. நீ மூணு மணிக்குள்ள சொல்லிட்டா, அவங்க என்கிட்டக் கேக்குறப்ப நான் உள்ளதைச் சொல்லி, பையன் திருத்திக்குவான்மான்னு கெஞ்சிக்கூடக் கேப்பேன். கெஞ்சுறதுல எனக்கு வெக்கம் இல்லை. ஆனா

தம்பி, அந்த "ஆனா"வுல நிக்கிறப்பவே போன் வந்துருச்சு. மூணு மணின்னு நீ சொன்னது பன்னெண்டு மணிக்கே வந்துருச்சு. பேசி முடிச்சு, முகம் கழுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கேன். மேல எழுதினதை அடிக்கலாம்னு பார்த்தேன், வேணாம், அதையும் நீ படி.

நல்ல பொண்ணுடா அது. மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு. ரொம்ப மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, சத்தமாப் பேசுச்சு. "சார், நான் பேசுறது கேக்குதா? சிரமம் இல்லையே?"ன்னு கேட்டுச்சு. எதுக்கு என்கிட்ட இப்படிப் பேசுதுன்னு எனக்குப் புரியலை. உள்ளதைச் சொல்லிருவோம்னு நான் தொண்டையைச் செருமினேன். அதுக்குள்ள அது, "உங்க மகன் எல்லா விவரமும் மெயில் அனுப்பியிருக்கார் சார். உங்களுக்கு மறதி நோய் இருக்கு, மூணு வருசமா மருந்து எடுத்துக்கிறீங்கன்னு. உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும், ஃபார்மாலிட்டிக்காகத்தான்"னுச்சு.

வயசாயிருச்சுன்னு சொன்னாப் போதும்னுதானே என்கிட்டச் சொன்னே. மருந்து வரைக்கும் எழுதிட்டியே தம்பி. என்கிட்டக் கேக்குறதுக்கு முன்னாடியே எழுதிட்டியா, கேட்டுட்டு நான் பதில் சொல்லலைன்னதும் எழுதினியா? எனக்கு அது தெரியணும். போன் பண்றப்ப முதல்ல அதைச் சொல்லு.

போனைக் காதுல வச்சுக்கிட்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னா, நீ முதல்ல எழுதிக் குடுத்ததும் பொய், இப்ப எழுதினதும் பொய்னு ஆகும். பெத்த அப்பனுக்கு நோய்னு பொய் எழுதினவன்னு உன் பேர்ல பதிவாகும். இந்தக் கம்பெனியில மட்டும் நிக்குமா அது? திருத்திக்குவான்மான்னு சொல்றதுக்கு இனி இடமே இல்லை. எனக்கு நீ வழி வைக்கலை. "ஆமாம்மா"ன்னேன். "அன்னிக்கு வந்த பையன்கிட்ட ரெண்டாவது வேலைன்னு சொன்னீங்களாமே சார்?"ன்னு கேட்டுச்சு. "எனக்கு ஞாபகம் இல்லைம்மா"ன்னேன். அந்தப் பையனுக்கு எந்த டம்ளர்ல காப்பி குடுத்தேன்கிறது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. என் குரலே எனக்கு வேற யாரோ பேசுற மாதிரி கேட்டுச்சு.

அடுத்து அது, "இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா சார்?"னுச்சு. சோதிச்சுப் பார்க்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. "செவ்வாய்க்கிழமை"ன்னேன். அந்த நேரம் பார்த்து உங்கம்மா பையோட உள்ள வந்தா. "என்னங்க, இன்னிக்கு வியாழக்கிழமைல்ல?"ன்னா. நான் அவளைப் பார்த்துக்கிட்டே மறுபடியும், "செவ்வாய்தானம்மா"ன்னு போன்ல சொன்னேன். உங்கம்மா பையைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து என் நெத்தியில கையை வச்சா. "ஏங்க, என்ன பண்ணுது உங்களுக்கு? இங்க பாருங்க, என்னைப் பாருங்க"ன்னு அவ பதறுனது அந்தப் பொண்ணு காதுல விழுந்திருச்சு. அதுக்குக் குரலே மாறிப் போச்சு. "போதும் சார், போதும். நீங்க ரெஸ்ட் எடுங்க. அம்மாவைப் பார்த்துக்கச் சொல்லுங்க"ன்னுட்டு வச்சிருச்சு. எங்க ரெண்டு பேரையும் நினைச்சு அந்தப் பொண்ணு வருத்தப்பட்டிருக்கும். அதை நினைச்சாத்தான் எனக்குக் கூசுது.

உங்கம்மாவுக்கு நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ சொல்ல வேணாம்னு சொன்னதெல்லாம் இனிச் செல்லாது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் கையை அவ விடலை. நான் விளையாடலை, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அவளை நம்ப வைக்க, கேக்குறதையெல்லாம் கேளுன்னேன். நம்ம கல்யாணத் தேதியைக் கேட்டா. சொன்னேன். நீ பிறந்த ஆஸ்பத்திரியில எத்தனாவது வார்டுன்னு கேட்டா. சொன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதா. அழுது முடிச்சதும் அவ கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பரவைப் பொண்ணுகிட்ட இவன் இதையெல்லாம் சொல்லுவானா?"ங்கிறதுதான்.

அதனால இதைக் கேளு. உன் வேலை கிடைச்சுரும்னு நினைக்கிறேன். போய்ச் சேரு. உன் கோடியை நான் வேணாம்னு சொல்லலை, படிச்சவன், உழைக்கிறவன், உனக்கு அது தகும். ஆனா சனிக்கிழமை வேலையை இன்னிக்கே விட்டுரு. சிநேகிதன் என்ன நினைப்பான்னு பார்க்காதே. பூ வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட உன் திட்டம் முழுசையும் சொல்லு, ரெண்டு வருசத்துக்கு ஒரு ஊர்னா அவளுக்கும் அது ரெண்டு வருசத்துக்கு ஒரு ஊருதான். எங்க அப்பாவுக்கு நோய்னு எழுதித்தான் இந்த வேலையை வாங்கினேன்கிறதையும் நீயே சொல்லிரு. வேற யார் மூலமாவது பரவைக்குப் போச்சுன்னா, அந்த வீட்டுல மறதி வியாதி இருக்குன்னுதான் போகும். கேட்டுட்டு அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா, சொல்லட்டும். நாங்க அவங்க மேல வருத்தப்பட மாட்டோம். அடுத்த கம்பெனி, அதுக்கு அடுத்த கம்பெனின்னு நீ மாறுறப்பவும் இதே மாதிரி ஒருத்தன் பையை மாட்டிக்கிட்டு நம்ம வாசலுக்கு வருவான். அன்னிக்கு நான் என்ன சொல்லணும்னு எனக்கு நீ சொல்லித் தர்ற மாதிரி வச்சுக்காதே. எதைக் கேட்டாலும் நான் வாய் கூசாமப் பதில் சொல்ற மாதிரி நடந்துக்கோ. உன் திட்டத்துல இதுக்கும் ஒரு இடம் போட்டு வை.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்குப் பயம். எனக்கும் வயசு ஆகத்தான் போகுது. நீ திரும்பி வருவியோ மாட்டியோ, என்னைக்காவது வீட்டைப் பத்தியோ, உங்கம்மாவைப் பத்தியோ, உன் பிள்ளைகளைப் பத்தியோ நான் ஒண்ணு சொல்லி உனக்கு அது பிடிக்காமப் போகும். அப்ப பிடிக்கலைன்னு சொல்லு. நேருக்கு நேரா சண்டை போடு. அப்பாவுக்கு ஞாபகம் இல்லைன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதே. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க தம்பி. நம்ப வேணாம்னு இன்னிக்கு நானே என் வாயால சொல்லிட்டேன்.

அப்பா